நண்பர்களுடன் போக்கர்: இணைய கிளப்பில் ஏமாற்று நடக்கிறதா, வீட்டு மேசையில் என்ன ஒழுங்கு வேண்டும்?

கடலோரம் (கேள்வி):

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில், பெரும்பாலும் சனிக்கிழமை இரவுகளில், நாங்கள் ஆறு பேர் கூடி டெக்ஸஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் போடும் போக்கர் வகை) ஆடி வருகிறோம். எல்லோரும் பாடசாலைக் காலத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். போக்கர் பிந்திப் பிடித்த பழக்கம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மேசைக்கு வருவதில்லை. கொத்துரொட்டிப் பார்சலுக்கு ஆகும் செலவு பல நாள்களில் தோற்ற காசைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எங்களில் இருவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பின்னர், அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காகக் கைபேசிச் செயலி ஒன்றிலுள்ள தனியார் கிளப்பில் இணைந்தோம். செயலியைப் பொறுத்தவரை அதன் சிப்களுக்குப் பணமதிப்பு எதுவும் கிடையாது. கிளப்பை நடத்துகிறவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டால் அவர் சிப்களை ஏற்றிவிடுவார். வென்றால் அவரே திருப்பி அனுப்புவார். அவரை எங்களில் எவரும் நேரில் கண்டதில்லை, வாட்ஸ்அப் இலக்கம் மட்டுமே தெரியும். மேசையில் எங்களோடு அறிமுகமில்லாதவர்களும் வந்து அமர்கிறார்கள்.

அவர்களில் இரண்டு கணக்குகள் எப்போதும் ஒன்றாக வந்து ஒன்றாகவே எழுந்து போகின்றன. ஒரு கையில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடும் சுற்றில்) எனக்கு இரண்டு குயீன் வந்திருந்தது. முதலாமவர் ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்), இரண்டாமவர் அதன் மேல் ரெய்ஸ் செய்தார், நான் கோல் செய்தேன் (அதே தொகையை வைத்தேன்). உடனே முதலாமவர் பெருந்தொகைக்கு உயர்த்த, இரண்டாமவர் தயங்காமல் கோல் செய்தார். நான் சீட்டை எறிந்துவிட்டேன். ஃப்ளொப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததும் இரண்டாமவர் வைத்த மிகச் சிறிய பந்தயத்துக்கு முதலாமவர் ஃபோல்ட் செய்தார் (சீட்டை எறிந்து விலகினார்). இருவரின் சீட்டையும் யாரும் காணவில்லை. அதே இரவில் என்னுடைய நல்ல கைகள் வேறு சில ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) தோற்றன. செயலியே சீட்டைப் பொருத்திப் போடுகிறது என்று நண்பர் ஒருவர் சாதிக்கிறார். இதில் எதை ஏமாற்று என்றும் எதை அதிர்ஷ்டம் என்றும் கொள்வது?

வீட்டு மேசையிலும் சில சங்கடங்கள் உள்ளன. ஃபோல்ட் செய்தவர், மற்றவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, "அந்த எட்டு என்னிடம் இருந்தது" என்று உரக்கச் சொல்கிறார். இன்னொருவர், வெல்லும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் நடித்துப் பிறகு சிரித்தபடி திறந்து காட்டுகிறார். உறவு கெடாமல் இவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? என் ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கேட்க வேண்டும்: வரும் கைகளில் ஏறத்தாழ பாதியை நான் ஆடுகிறேன், மெதுவாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

பழைய மேசை:

சீட்டில் ஏமாற்று இருக்கிறதா என்று ஆராய்வதற்கு முன்னர், உங்கள் பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் அது கிடக்கிறது. அவர் நாளைக்கு இலக்கத்தை மாற்றிவிட்டால் நீங்கள் எங்கும் போய் முறையிட இயலாது, ஏனெனில் சிப்களுக்கு மதிப்பே இல்லை என்று செயலி நிறுவனம் முன்கூட்டியே கைகழுவிவிட்டது.

உலகப் பெயர் பெற்ற தளங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அரசு பெரிய தளங்கள் மீது நடவடிக்கை எடுத்த பின்னர், ஃபுல் டில்ட் என்ற தளம் ஆட்டக்காரர்களின் வைப்புப் பணத்தைத் தனியாகப் பேணவில்லை என்பது வெளிவந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014இல்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. அங்கே வழக்குத் தொடர ஓர் அரசு இருந்தது. உங்கள் கிளப்காரரின் விடயத்தில் அதுவும் இல்லை. மீதியை இன்றே எடுத்துவிடுங்கள்.

எண்கணிதன்:

நண்பரே, உங்கள் கேள்விக்குள் வெவ்வேறான ஐயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் உண்மையில் கவலைக்குரியது என்பது என் எண்ணம்.

சூடான ஆட்டத்துக்காக நிறுவனமே சீட்டைப் பொருத்துகிறது என்ற குற்றச்சாட்டு, இணையப் போக்கர் தோன்றிய காலத்திலிருந்தே கேட்டுவருவது. சீட்டுக் கலைப்பில் உண்மையான குறை கண்டுபிடிக்கப்பட்ட நிகழ்வும் உண்டு. 1999இல் அமெரிக்காவின் ரிலையபிள் சொஃப்ட்வெயார் டெக்னொலொஜிஸ் நிறுவனத்தினர், பிளானட் போக்கர் தளத்தில் இயங்கிய கலைப்பு நிரலை ஆராய்ந்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் தொகை 68 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஆனால் அந்த நிரல் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெக்கன்களைத் தொடக்க எண்ணாகக் கொண்டதால், ஒரு நாளில் 8 கோடியே 64 இலட்சம் அடுக்குகளுக்கு மேல் அதனால் உண்டாக்க முடியவில்லை. தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கணினியின் நேரத்தைப் பொருத்தியதும் அத்தொகை ஏறத்தாழ 2 இலட்சமாகச் சுருங்கியது. கையிலுள்ள இரண்டு சீட்டையும் ஃப்ளொப்பின் மூன்று சீட்டையும் கொடுத்தால், எஞ்சிய எல்லோருடைய சீட்டையும் அவர்களுடைய நிரல் சொல்லிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, குறை இருந்தபோது அதனால் பயன்பெறக்கூடியவர் அதை அறிந்த ஓர் ஆட்டக்காரரே தவிர, நிறுவனம் அல்ல என்பதாகும். ஒவ்வொரு கையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் தளத்துக்கு, யார் வென்றாலும் ஒன்றுதான்.

எதிராளியின் சீட்டை நேரடியாகப் பார்க்கும் மோசடி இதைவிடக் கொடியது, அதுவும் நடந்திருக்கிறது. 2007இல் அப்சலூட் போக்கர் தளத்தில் பொட்ரிப்பர் என்ற கணக்கு, மற்றவர்களின் சீட்டு தெரிந்தால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவுகளைத் தொடர்ந்து எடுத்தது. அக்கணக்கு ஆடிய ஒரு போட்டியின் பதிவைக் கேட்ட ஆட்டக்காரர் ஒருவருக்கு எல்லோருடைய சீட்டும் அடங்கிய கோப்பு போய்ச் சேர்ந்தபோது உண்மை அம்பலமானது. அதற்கு அடுத்த ஆண்டில், அல்டிமேட்பெட் தளத்தில் நடந்த இதேவகை மோசடிக்கு 1994ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடர் வெற்றியாளர் ரஸ் ஹமில்ட்டன் முதன்மைப் பொறுப்பாளி என்று, அத்தளத்துக்கு உரிமம் வழங்கிய கனடாவின் கானவாக்கே ஆணையம் அறிவித்தது. இரு நிகழ்வுகளிலும் முதலில் ஐயம் கொண்டு பதிவுகளைத் திரட்டியவர்கள் ஆட்டக்காரர்களே. ஆனாலும், ஆயிரம் ரூபாய் மேசைக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுவார் என்று நான் நம்பவில்லை.

நீங்கள் சொன்ன குயீன் கைதான் உண்மையான தடயம். பெருந்தொகைக்கு மீண்டும் உயர்த்திய ஒருவர், மூன்றாமவர் விலகியவுடன் சிறு பந்தயத்துக்குச் சீட்டை எறிவதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அவர் உயர்த்தியதன் நோக்கம் உங்களை வெளியே தள்ளுவது மட்டுமே. நடுவில் விழுந்த உங்கள் பணம் இருவருக்கும் பொது. 304இல் துரும்பு எது என்று கூட்டாளிக்குக் கண்ணால் சைகை காட்டுவதும் இதுவும் ஒரே வேலைதான், இங்கே மேசைக்கு அடியில் வைபர் அழைப்பு ஓடுகிறது என்பதைத் தவிர. இரண்டு கைபேசிகளையும் ஒரே ஆள் வைத்திருக்கவும் கூடும்.

ஆனால் ஒரு கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. செயலியில் கைகளின் பதிவு இருக்கும். அந்த இரு கணக்குகளும் சேர்ந்து உள்ளே வந்த கைகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பெரிய பொட்டுக்கு (நடுவில் சேரும் பந்தயப் பணத்துக்கு) மோதி, சீட்டைத் திறந்து காட்டிய சந்தர்ப்பம் உண்டா? மூன்றாமவர் இருக்கும்போது மூர்க்கமாக உயர்த்துபவர்கள், இருவரும் தனியே எஞ்சும்போது பந்தயம் இல்லாமல் செக் செய்தே முடிக்கிறார்களா? ஒருவரின் சிப் தீரும் தறுவாயில் மற்றவர் பொருத்தமில்லாத கையோடு அவரிடம் தோற்கிறாரா? இவை திரும்பத் திரும்ப வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இவ்வகைச் செயலிகள் பலவற்றில், ஒரே இணைய முகவரியிலிருந்தோ ஒரே இடத்திலிருந்தோ இரு கணக்குகள் ஒரு மேசையில் அமர்வதைத் தடுக்கும் வசதி உண்டு. அதை இயக்குமாறு நடத்துகிறவரிடம் கேளுங்கள். அவர் தரும் மறுமொழியே பாதி விடையாகிவிடும்.

ரிவரில் தோற்ற கைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃப்ளொப்புக்கு முன்னரே எல்லாச் சிப்பையும் வைத்து இரண்டு ஏஸும் இரண்டு கிங்கும் மோதினால், ஏஸ் 100இல் ஏறத்தாழ 18 தடவை தோற்கும். வீட்டு மேசையில் ஒரு மணித்தியாலத்துக்கு 25 கை போடுவதே பெரிய காரியம். செயலியில் 60, 70 கை ஓடிவிடும். மனம் எண்ணுவது நேரத்தை, சீட்டு வருவதோ கைக்கணக்கில். அதனால் அதே அளவு துரதிர்ஷ்டம் செயலியில் ஏறத்தாழ இரண்டரை மடங்காகத் தோன்றுகிறது.

கணினி உதவியோடு ஆடுபவர்கள் வேறொரு வகை. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. பெருந்தொகை மேசைகளில் அது கடுமையான பிரச்சினை.

உங்கள் தேவை கனடா நண்பர்களோடு ஆடுவது என்றால், பணம் ஏற்றாத தனி மேசை ஒன்றைக் கடவுச்சொல் போட்டு உருவாக்கி, அறிந்தவர்களை மட்டும் அமர்த்தி, பக்கத்தில் காணொளி அழைப்பை ஓடவிட்டு, கணக்கை உங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். அந்நியர் எவரும் அங்கே தேவையில்லை.

கடலோரம்:

இருவருக்கும் நன்றி. பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். அவ்விரு கணக்குகளும் ஒருவரோடொருவர் பெரிய பொட்டுக்கு மோதிய கை ஒன்றுகூட இல்லை. கிளப்காரரிடம் கேட்டபோது, "தோற்றால் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று எழுதினார். இருப்பிடக் கட்டுப்பாட்டைப் பற்றி மறுமொழியே இல்லை. மீதிப் பணம் கைக்கு வந்துவிட்டது, கிளப்பிலிருந்து விலகிவிட்டோம்.

ஆட்டத்தைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. குறிப்பாக, ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கும்போது, எவ்வளவு பந்தயத்துக்குக் கோல் செய்யலாம் என்பதில் எனக்குத் தெளிவில்லை.

நாலாம் மாடி:

தம்பி, பாதிக் கைகளை ஆடுவதுதான் நோய். மற்றவை அதன் அறிகுறிகள். இரண்டு சீட்டுகள் வரக்கூடிய சேர்க்கைகள் 1,326. அவற்றில் ஏதாவது ஒரு சோடி வருவது சராசரியாக 17 கைக்கு ஒரு தடவை. இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு தடவை. அப்படியென்றால் வருவனவற்றில் பெரும்பகுதி எறிவதற்கென்றே வருகிறது. 304இல் கிடைத்த சீட்டை ஆடியே ஆக வேண்டும், எறிந்துவிட்டு இருக்க வழியில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குச் சும்மா இருப்பது தண்டனையாகத் தெரிகிறது. ஆறு பேர் மேசையில் முதலில் பேச வேண்டிய இருக்கையில் இருந்தால் ஆறில் ஒரு கையை மட்டும் ஆடுங்கள். கடைசியாகப் பேசும் இருக்கையில், அதாவது டீலர் பொத்தான் உங்கள் முன்னால் இருக்கும்போது, தாராளமாக ஆடலாம். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வாய்ப்புக்குத் தனி விலை உண்டு.

நல்ல கை வந்தால் பதுங்காமல் உயர்த்துங்கள். ஒரேயொரு எதிராளிக்கு எதிராக இரண்டு ஏஸ் 100இல் 85 தடவை வெல்லும். ஐந்து பேரும் கடைசிவரை வந்தால் அது பாதிக்குச் சற்றுக் கீழே போய்விடும். எல்லோரையும் மலிவாக உள்ளே விட்டுவிட்டுப் பிறகு ஏஸைப் பழிப்பதில் பயனில்லை.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. பொட்டில் 1,200 ரூபாய் இருக்கிறது. டேர்ன் சீட்டும் (நான்காவது பொதுச் சீட்டு) விழுந்துவிட்டது. எதிராளி 600 வைக்கிறார். நீங்கள் 600 கொடுத்தால் மொத்தம் 2,400 ஆகும், அதில் உங்கள் பங்கு கால்வாசி. ஆகவே 100இல் 25 தடவையாவது வெல்லும் கையாக இருக்க வேண்டும். 52இல் நீங்கள் கண்ட ஆறு போக, உங்களுக்குத் தெரியாத சீட்டுகள் 46; அவற்றில் உங்களுக்கு உதவக்கூடியவை, அதே சின்னத்தில் எஞ்சிய 9. இது 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. எனவே ஃபோல்ட் செய்வதே முறை, உங்கள் சீட்டு விழுந்த பிறகும் அவர் இன்னொரு பெரிய பந்தயத்துக்குக் காசு தருவார் என்ற உறுதி இருந்தாலொழிய. உங்கள் மேசையில் அப்படித் தரக்கூடியவர் யார் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். ஃப்ளொப்பிலிருந்து பார்த்தால் 35 சதவீதம் என்று சொல்வார்களே, அது இரண்டு சீட்டுகளையும் பார்க்கும்போது உள்ள கணக்கு. டேர்னில் மறுபடியும் பந்தயம் வைத்தால் நீங்கள் இரண்டாம் தடவையும் காசு கொடுக்க வேண்டும். அதை மறந்தே பலர் தோற்கிறார்கள்.

சிறு சோடியை வைத்துக்கொண்டு மூன்றாவது வரும் என்று காத்திருப்பவர்களுக்கு, ஃப்ளொப்பில் அது வருவது ஏறத்தாழ எட்டரைக்கு ஒரு தடவை. மலிவாகக் கிடைத்தால் பாருங்கள், விலை ஏறினால் விட்டுவிடுங்கள். பிளஃப்பை (இல்லாத நல்ல கையை இருப்பதாகக் காட்டிப் பந்தயம் வைப்பதை) பற்றி ஒன்றே சொல்வேன்: "என்னதான் வைத்திருக்கிறான் பார்ப்போமே" என்று கோல் செய்யும் நண்பரிடம் பிளஃப் செல்லாது.

சட்டப் புத்தகம்:

இடையில் ஒரு குறிப்பு. பணம் வைத்து ஆடுவதைப் பற்றி இந்நாட்டில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் முதல் 2010ஆம் ஆண்டின் கசினோத் தொழில் சட்டம் வரை விதிகள் இருந்து வந்துள்ளன. 2025இல் சூதாட்ட ஒழுங்குறுத்துகை அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உங்கள் வீட்டில் எவரும் பொட்டிலிருந்து பங்கு எடுக்க வேண்டாம், கதவைத் தட்டும் எவரையும் உள்ளே அமர்த்தவும் வேண்டாம். சாப்பாட்டுச் செலவைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொகை பெருகினால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு ஆடுவது நல்லது.

கொட்டாஞ்சேனை:

ஒழுங்கு பற்றிய கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஃபோல்ட் செய்தவர் தன் சீட்டைச் சொல்வது பேச்சுக் குற்றம் மட்டுமல்ல, அது இன்னொருவரின் காசைத் தொடுகிறது. "அந்த எட்டு என்னிடம் இருந்தது" என்ற சொல்லால், மூன்று எட்டு வைத்திருப்பதாகக் காட்டி பிளஃப் செய்து கொண்டிருந்தவரின் திட்டம் அந்தக் கணமே சரிந்துவிடுகிறது. அவர் கோபப்பட்டால் பிளஃப் என்பது வெளிப்பட்டுவிடும் என்பதால் வாயைத் திறக்கவும் வழியில்லை. கை முடியும்வரை சீட்டைப் பற்றிப் பேச்சில்லை என்று ஆட்டம் தொடங்கும் முன்னர் பொதுவாகச் சொல்லுங்கள். ஒருவரைச் சுட்டிச் சொல்ல வேண்டாம். வெல்லும் சீட்டோடு நடிப்பவரிடம், ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது தனியாகச் சொல்லுங்கள். பிளஃப்புக்காக நடிப்பது ஆட்டத்தின் உயிர். பந்தயம் எல்லாம் முடிந்து, சீட்டைத் திறப்பது மட்டும் எஞ்சியிருக்கும்போது நடிப்பதால் எவருக்கும் ஒரு ரூபாய்கூட மாறாது, தோற்றவரின் மனம்தான் புண்படும். பெரும்பாலானோர் அதை அறியாமலே செய்கிறார்கள்.

சிப்களை இரண்டு தடவையாக முன்னே தள்ளக் கூடாது. முதலில் 100 வைத்து எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு 300 சேர்ப்பது பெரிய மேசைகளில் செல்லாது. தொகையை வாயால் சொல்லிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். கைபேசி மேசையில் இருக்கக் கூடாது என்பதைவிட, கையில் சீட்டு இருக்கும்போது கைபேசியைத் தொடக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு ஏற்றது; வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஃபோல்ட் செய்துவிட்டு எழுந்து பேசட்டும். பக்கத்தில் இருப்பவருக்குச் சீட்டைக் காட்டினால், கை முடிந்ததும் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

சீட்டையும் கவனியுங்கள். புறக்கோட்டையில் வாங்கும் மலிவுக் கட்டு, நம் கடற்கரைக் காற்றில் சில வாரங்களிலேயே வளைந்து ஒட்டத் தொடங்கும்; மூலை மடிந்த ஏஸை ஆறு பேரும் முதுகைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். கழுவக்கூடிய முழுப் பிளாஸ்டிக் கட்டு இரண்டு வாங்குங்கள்: ஒன்றைப் போடும்போது மற்றதை அடுத்தவர் கலைக்கலாம். இரண்டு பாதியாகப் பிரித்துக் கோத்துக் கலைக்கும் முறையில் ஏறத்தாழ ஏழு தடவை கலைத்தால்தான் கட்டு நன்றாகக் கலையும் என்று பேயரும் டயக்கோனிஸும் 1992இல் கணிதமாகக் காட்டினார்கள். நம் வீடுகளில் கையில் வைத்து மேலும் கீழும் நழுவவிடும் முறைக்கு அந்த எண்ணிக்கை போதவே போதாது. சீட்டுப் போடுகிறவர் கட்டைச் சரித்துப் பிடித்தால் அடிச்சீட்டு எதிரே இருப்பவருக்குத் தெரியும். கட்டின் அடியில் நிறமுள்ள பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் ஓரத்துச் சீட்டு தூக்கிக் காட்டும். சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கையின் நடுவில் பணப்பையைத் திறந்து புதிதாகக் காசு சேர்க்க இடம் கொடுக்க வேண்டாம். மேசையில் இருப்பதே ஆட்டத்துக்குரிய காசு. கடன் சிப்பும் வேண்டாம். எழும் நேரத்தைத் தொடங்கும்போதே அறிவித்துவிட்டால், நிறைய வென்றவர் பாதியில் எழுந்து போனார் என்ற மனக்கசப்பு வராது. கணக்குத் தீர்க்கும்போது வென்றவர்களின் தொகையும் தோற்றவர்களின் தொகையும் சரிசமமாக வருகிறதா என்று ஒருவர் கூட்டிப் பார்க்கட்டும். வராவிட்டால் யாரையும் குறை சொல்வதற்கு முன்னர், கதிரைக்கு அடியில் சிப் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள்.